கிப்பரின் மொட்டைமாடிகள்

காலையில் இமாச்சலப் பிரதேசத்தின் கிப்பர் கிராமத்தில் ஒரு பாட்டி, மொட்டைமாடி ஓரமாகக் காய்ந்த முள்செடிக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குளிர்கால அடுப்புக்கு.

எல்லா வீட்டு உச்சியிலும் அதே அடுக்கு.

ஸ்பிதி பள்ளத்தாக்கில், 4,200 மீட்டர் உயரத்தில் மரத்துக்கு எங்கே போவது? பருவமழை மேகங்களைத் தெற்கு மலைகளே மறித்துவிடுகின்றன. தட்டையான மண்கூரை நிற்பதும் அதனால்தான். பனியாறு உருகி வாய்க்காலில் வந்தால்தான் பார்லியும் பட்டாணியும். ஆண்டுக்கு ஒரே போகம்.

அப்புறம் அந்தக் கழிப்பறை! மாடித் தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்குவியல், ஒரு மண்வாரி. தண்ணீரே வேண்டாம். கீழே மட்கியது வயலுக்கு உரம்.

நம்மைப் போன்ற சுற்றுலாக்காரர்களுக்காக விடுதிகளில் இப்போது ஃபிளஷ் வைக்கிறார்கள். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும் ஊரில்!

நான் மண்வாரிக் கட்சி.