ஆறாவது லயத்துக்கு வந்த கடிதங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறிய அஞ்சலகத்தில் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் தபால்காரனாகச் சேர்ந்தேன். எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வுச் சான்றிதழ், மோட்டார் சைக்கிள் உரிமம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை எல்லாம் கையில் இருந்தன. நேர்காணலும் சிரமமில்லாமல் முடிந்தது. வேலை கிடைப்பதுதான் கடினம் என்று அதுவரை நினைத்திருந்தேன். தகுதிகாண் காலத்தைக் கடந்து, ஒரு தடத்தை எவர் துணையும் இல்லாமல் என் பொறுப்பில் ஏற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று. இந்த வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் அவ்வப்போது என்னிடம் கேட்பதால் அந்த ஓராண்டைப் பற்றி எழுதுகிறேன்.

காலையில் ஈப்போவிலிருந்து லாரி வந்து பைகளை இறக்கியதும் வேலை தொடங்கிவிடும். பதிவுத் தபால்களைப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். சாதாரணக் கடிதங்களைத் தெருவாரியாக அறை பிரித்த அடுக்கில் போட்டு, பிறகு மோட்டார் சைக்கிளில் எந்த வரிசையில் வீடுகளைக் கடப்போமோ அந்த வரிசைக்கு அவற்றை மாற்றி, ரப்பர் வளையமிட்டுக் கட்ட வேண்டும். வெயிலிலும் மழையிலும் சுற்றுவதுதான் தபால்காரர் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். அந்த அடுக்கின் முன் நிற்கும் இரண்டு மணி நேரத்திலேயே அன்றைய நாள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதை நான் போகப் போகத்தான் உணர்ந்தேன். அங்கே ஒரு கடிதம் வரிசை மாறிச் செருகப்பட்டால், அது கைக்கு வரும்போது அந்த வீட்டைத் தாண்டி எட்டுக் கிலோமீட்டர் வந்திருப்போம். எனக்குப் பயிற்சி தந்த மூத்தவர், இருபது ஆண்டுக்கு மேல் அதே தடத்தில் ஓடிய ஒரு மலாய்க்காரர். அவர் முகவரியை முழுவதும் படித்து நான் பார்த்ததில்லை. பெயரைக் கண்டதும் கை தானாக உரிய அறைக்குப் போகும்.

கடைத்தெருவும் தாமான்கள் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளும் எனக்கு இரண்டு வாரத்தில் பிடிபட்டன. அங்கே லோரோங் (சந்து) எண், வீட்டு எண், 31100 என்ற அஞ்சல் குறியீடு எல்லாம் ஒழுங்காக இருக்கும். தோட்டப்புற முகவரிகள்தான் என்னைத் திணறடித்தன. ஐந்து இலக்கக் குறியீடு கடிதத்தைப் பட்டணம்வரை பிழையில்லாமல் கொண்டுவந்து சேர்த்துவிடும். அங்கிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலுக்கு வழிகாட்ட அதனால் இயலாது.

இதற்கான காரணம் என் அப்பா ரப்பர் மரம் சீவிய காலத்திலேயே இருக்கிறது. அப்போது ஒரு தோட்டத்துக்கே ஒரே முகவரிதான். பெயர், தோட்டத்தின் பெயர், பட்டணத்தின் பெயர் என்று எழுதினால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்விடும். தோட்ட எழுத்தரான கிராணி அவற்றைத் தரம் பிரித்து வைத்து, தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கொடுப்பார். 1960களில் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன், எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்தான். அவர் காலத்திலும் தபால் தோட்ட அலுவலகத்தின் வாசலோடு நின்றது. அதற்குப் பிறகு யார் எந்த லயத்தில் இருக்கிறார் என்பது கிராணிக்கு மட்டுமே தெரிந்த செய்தி. தோட்டங்கள் கைமாறி, பால்மரம் போய் எண்ணெய்ப்பனையான செம்பனை வந்து, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்கும் கம்பத்து (கிராமத்து) ஓரங்களுக்கும் பிரிந்தபோது, அந்த அலுவலகமும் மூடப்பட்டது. கிராணியின் மனத்தில் இருந்த பட்டியலை யாரும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அடையாள அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் ஊழியர் சேமநிதிப் பதிவிலும் பழைய முகவரியே நின்றுவிட்டது. அதனால் இன்று செம்பனை நிற்கும் இடத்துக்கு, ‘ஆறாவது லயம், பன்னிரண்டாம் வீடு’ என்று கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன.

விதிப்படி, கொடுக்க முடியாத கடிதத்தின் மேல் காரணத்தைக் குறித்துத் திருப்பி அனுப்பலாம். ‘பிண்டா’ என்றால் இடம் மாறிவிட்டார். ‘தீடாக் டிகெனாலி’ என்றால் இன்னாரென்று தெரியவில்லை. முதல் மாதத்தில் நானும் அப்படித்தான் குறித்துவந்தேன். ஒரு நாள் மூத்தவர் என் கட்டிலிருந்து ஏழு கடிதங்களை உருவி, அவற்றில் ஐந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அங்கேயே சொன்னார். தமிழ் தெரியாத ஒருவருக்கு என் தோட்டத்து மக்களை என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது எனக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது. அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

பெயர்கள் தனிப் பாடம். ‘அனாக் லெலாக்கி’ (மகன்), ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கத்தை நடுவில் வைத்து, நம் பெயரையும் தந்தை பெயரையும் எழுதுவது இங்குள்ள வழக்கம். பிறப்பைப் பதிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதியதால், ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்குத் தந்தையின் பெயர் இரண்டு விதமாக அமைந்திருக்கும். முனியாண்டியும் லெட்சுமியும் ஒவ்வொரு லயத்திலும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். லயத்திலோ அவர்களை அந்தப் பெயரால் யாரும் அழைப்பதில்லை. மூன்றாம் மாதத்தில் ஒருவருக்கு வந்த மருத்துவமனைக் கடிதத்தை, பெயரும் தந்தை பெயரும் ஒத்திருந்த இன்னொருவர் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவரே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். உரியவர் வீட்டுக்கு நானே போய் மன்னிப்புக் கேட்டு ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு நோட்டில் பெயருக்கு எதிரே, மனைவியின் பெயர், வீட்டு வாசலில் நிற்கும் மரம், எந்த நேரத்தில் ஆள் இருப்பார் என்பவற்றையும் எழுதத் தொடங்கினேன்.

அந்த ஆண்டில் என்னை அதிகம் அலைய வைத்தது அடையாள அட்டை, குடியுரிமை ஆகியவற்றைக் கவனிக்கும் பதிவிலாகாவிலிருந்து ஒரு பாட்டிக்கு வந்த பதிவுத் தபால். முகவரி ஆறாவது லயம். பதிவுத் தபாலைக் குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் அஞ்சலகத்தில் வைத்திருக்க முடியாது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். மளிகைக்கடையில் கேட்டேன், பழைய மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வீட்டில் கேட்டேன். யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. யாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்பதை வெளியில் சொல்லக் கூடாது என்பதால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டே விசாரித்தேன். கடைசியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் நினைவுக்கு வந்தது. லயங்கள் போன பிறகும் கோயில் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்குப் பிரிந்து போன குடும்பங்கள் எல்லாம் வருகின்றன. கோயில் பொருளாளரிடம் இருந்த, திருவிழா வரி வாங்கும் புத்தகத்தில், எந்தக் குடும்பம் எங்கே குடியேறியிருக்கிறது என்பது தமிழில் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. பாட்டியின் பெயர் அதிலும் இல்லை. பேரனின் பெயர் இருந்தது.

அந்த மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டியபோது, “யாருப்பா, தம்பி?” என்று கேட்டுக்கொண்டே அவர் வந்தார். அடையாள அட்டையைக் கேட்டேன். நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அட்டையை ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து நீட்டினார். தோட்டத்திலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமைக்கு ஆண்டுக்கணக்கில் விண்ணப்பித்துக் காத்திருந்தவர். பெருவிரல் ரேகை வைத்துக் கடிதத்தை வாங்கி, என்னையே படிக்கச் சொன்னார். நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள், அந்தத் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ‘தீடாக் டிகெனாலி’ என்று நான் குறித்திருந்தால் அந்தக் காத்திருப்பு என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் அவ்வப்போது என்னை உலுக்குகிறது.

மழை, நாய்கள், செம்பனை லாரிகள் கிழித்துப் போட்ட செம்மண் சாலை ஆகியவற்றுக்கு உடம்பு ஆறு மாதத்தில் பழகிவிடும். அவற்றைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். 2010 ஜூலை 1 முதல் உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்தின் கட்டணம் 30 காசிலிருந்து 60 காசாயிற்று. தீபாவளி வாழ்த்து அட்டைகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன, பொட்டலங்கள் கூடின. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோதும் அஞ்சல் சேவை அத்தியாவசியப் பட்டியலில் இருந்ததால் நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம்.

பொட்டலத்தில் கைப்பேசி எண் இருக்கிறது; அழைத்தால் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஆள்களைத் தெரிந்துகொள்ளும் தேவை குறைந்துவிட்டது போலத் தோன்றலாம். ஆனால் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் ஓய்வூதியக் கடிதத்திலும் நீதிமன்ற அறிவிப்பிலும் பதிவிலாகாவின் உறையிலும் எண் இருப்பதில்லை. அத்தகைய கடிதங்களை எதிர்பார்த்திருப்பவர்களே பெரும்பாலும் வயதானவர்கள். இந்த ஆண்டு என்னோடு பயிற்சிக்கு வந்திருக்கும் இளைஞருக்கு என் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அஞ்சலகத்தை விட்டு அது வெளியே போகக் கூடாது என்பதால், விநியோகம் முடிந்து திரும்பியதும் அரை மணி நேரம் உட்கார்ந்து தன் கையெழுத்தில் பார்த்து எழுதுகிறார். நேற்று ஆறாவது லயத்தின் பக்கம்வரை வந்திருந்தார்.