முழங்கையைக் கொடுங்கள்

எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவுகிற செல்கள் முதலில் பழுதாகும், அதனால் இருட்டில் ஒன்றும் தெரியாது. அப்புறம் பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நடுப்பார்வை மட்டும் பலருக்கு வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். உலகத்தை ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் செய்தி படிக்கிற அதே நான்தான் காலடியில் இருக்கிற வாளியை உதைத்துத் தள்ளுகிறேன். கையில் வெள்ளைக்கோல், கண் செல்போனில் என்று நிற்கிறவனைப் பார்த்து, இவன் நடிக்கிறான் என்று முறைக்கிறவர்கள் உண்டு. நேருக்கு நேர் நின்று முறைத்தால்தான் எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்து முறைத்தால் அவர்கள் உழைப்பு வீண்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. தினமும் யாரிடமாவது உதவி வாங்குகிறேன். வாங்கி வாங்கி, எது நல்ல உதவி, எது தொல்லை என்று தரம் பிரிக்கப் பழகிவிட்டது. என்னிடம் இருக்கிற தராசு ஒன்றே ஒன்றுதான்: உதவி பெற்றவருக்கு அதனால் வேலை குறைந்ததா, கூடியதா? செய்தவரின் மனசு எவ்வளவு நல்லது என்பது அந்தத் தராசில் ஏறாது.

என் கையைப் பிடித்து இழுக்கிறவர்களையே எடுத்துக்கொள்வோம். (கடக்கவே நினைக்காத சாலையைக் கடக்க வைக்கப்பட்ட கதை வெள்ளைக்கோல் பிடிக்கிற எல்லாரிடமும் ஒன்று இருக்கும். என்னுடையதை விட்டுவிடுகிறேன்.) திடீரென்று ஒரு கை என் மணிக்கட்டைப் பற்றி முன்னால் இழுக்கும். கோல் பிடித்த கையாக இருந்தால் இன்னும் மோசம், எனக்கு இருக்கிற ஒரே வழிகாட்டியையும் அவர் பறித்த மாதிரி ஆகிவிடும். அவர் வேகத்துக்கு என் கால் போகாது, முன்னால் என்ன வருகிறது என்றும் தெரியாது. அவர் நல்லவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இருபதடி தூரம் முழுக்க எனக்கு வேலை.

ஒருநாள் படிக்கட்டு அருகே ஒரு பெண் வந்தாள், குரலை வைத்துக் கல்லூரி மாணவி என்று நினைக்கிறேன். "சார், கீழேதானே போறீங்க? கூட வரட்டுமா?" என்றாள். சரி என்றேன். தன் புறங்கையால் என் புறங்கையை லேசாகத் தொட்டாள். அவ்வளவுதான். அந்தத் தொடுதலிலிருந்து மேலே தடவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அரையடி முன்னால், நான் பின்னால். முழங்கையைப் பிடித்திருந்தால் முன்னால் போகிறவர் திரும்புவது, நிற்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் பேச்சில்லாமலே கைக்கு வந்துவிடும். படி வந்ததும் நின்று, "இறங்குற படி, கைப்பிடி உங்க வலது பக்கம்" என்றாள். கடைசிப் படியில் "இதோட முடிஞ்சுது" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் தங்கம். இல்லாத படிக்குக் காலை வைத்துத் தடுமாறியவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

இதில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. கேட்டுவிட்டுத் தொடுவது, இழுக்காமல் முழங்கையைக் கொடுப்பது, குறுகலான இடம் வந்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது. நான் தானாக நேர் பின்னால் வந்துவிடுவேன். உட்கார வைக்க வேண்டுமென்றால் தோளை அழுத்தாமல், என் கையை எடுத்து நாற்காலியின் முதுகில் வைத்தால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். "இங்க, அங்க" என்பதற்குப் பதிலாக "உங்க இடது பக்கம், ரெண்டடியில" என்று சொல்லலாம். கிளம்பும்போது கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் நான் காற்றோடு பேசிக்கொண்டிருப்பேன், பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

ஒன்றுமே செய்யாமல் உதவுவதும் உண்டு. கோலை வெள்ளையாக்கிய கதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜேம்ஸ் பிக்ஸ் என்று ஒரு புகைப்படக்காரர். விபத்தில் பார்வை போன பிறகு, வீட்டைச் சுற்றி ஓடிய வண்டிகள் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளை அடித்தார். ஆக, வழியைத் தடவிப் பார்க்க மட்டுமல்ல இந்தக் கோல், அடுத்தவர் கண்ணில் படுவதற்கும்தான். அதைப் பார்த்ததும் நடைபாதையில் நிறுத்திய இருசக்கர வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால், நீங்கள் என்னிடம் பேசக்கூட வேண்டாம். கோல் தரையைத் தடவும், வண்டியின் கைப்பிடி நெஞ்சில் இடிக்கும். வீட்டிலும் அலுவலகத்திலும் என் எதிரி பாதி திறந்த கதவு. முழுசாகத் திறந்திருந்தால் நுழைந்துவிடுவேன், முழுசாக மூடியிருந்தால் கை தட்டுப்படும். பாதி திறந்த கதவின் விளிம்பு மட்டும் நீட்டிய இரண்டு கைக்கும் நடுவில் புகுந்து நேராக நெற்றிக்கு வரும்.

சரி, என் கண்ணை விட்டு வெளியே வருவோம். அதே தராசைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறேன்.

யாருக்காவது உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு சாவு, வேலை போய்விட்டது என்றால் நாம் எல்லாரும் சொல்வது, "ஏதாவது வேணும்னா தயங்காம சொல்லுங்க." உண்மையாகத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த ஒரு வரி எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு வேலை வைக்கிறது பாருங்கள். தனக்கு என்ன தேவை என்று அவர் யோசிக்க வேண்டும், அதை யாரிடம் கேட்கலாம் என்று கணக்குப் போட வேண்டும், கேட்பதற்குக் கூச்சத்தை விழுங்க வேண்டும், மறுத்துவிட்டால் அதையும் தாங்க வேண்டும். தூக்கம் கெட்டுக் கிடக்கிற ஒருவரால் இதெல்லாம் ஆகுமா? அவர் "சரிங்க, சொல்றேன்" என்பார். சொல்ல மாட்டார். நமக்கும் கடமை முடிந்த நிம்மதி.

என்னோடு வேலை பார்க்கிற நண்பரின் மனைவிக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தபோது இதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். "சொல்லுங்க" என்றவர்கள் ஏராளம். உதவினவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். "சாயங்காலம் உன் பையனையும் சேர்த்து நானே பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிட்டு வந்துடறேன், இந்த வாரம் பூரா." "மதியம் ரெண்டு மணிக்கு வந்து ஆஸ்பத்திரியில உட்கார்றேன், நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டுத் தூங்கு, ஆறு மணிக்கு வந்தா போதும்." என்ன வேலை, எந்த நேரம் என்று இரண்டுமே அந்தப் பேச்சிலேயே இருந்தது. நண்பர் சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும்.

எனக்கு வண்டி ஓட்ட வராது, இராத்திரியில் தனியாக நடமாடுவதும் கஷ்டம். நான் அவருக்குத் தொலைபேசி ஆனேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவரும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார். "ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு மட்டும் சொல்லு, மிச்சப் பேருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றேன். அவருடைய அண்ணி ஒருவர் மட்டும் என் பேச்சை நம்பாமல் கொஞ்ச நாள் அவரையே அழைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் என் வழிக்கு வந்துவிட்டார். காப்பீட்டு அலுவலகத்தை அழைத்து, வரிசையில் காத்திருங்கள் என்ற குரலையும் அதன் பின்னால் ஓடுகிற இசையையும் கேட்டுக்கொண்டே இருப்பது இன்னொரு வேலை. அதற்கும் கண் தேவையில்லை, பொறுமை இருந்தால் போதும். என்ன உதவலாம் என்று தெரியாதவர்கள் இந்தக் காத்திருக்கிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். யாருக்கும் அது பிடிக்காது, யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள்.

உதவ ஆள் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். டென்மார்க்கில் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்பவர், அவருக்கும் பார்வை குறைவுதான், 'பி மை ஐஸ்' என்ற செயலிக்கு வித்திட்டார். 2015இல் அது வெளியானது. பார்வையில்லாதவர் வீடியோ அழைப்பு போட்டால் உலகத்தில் எங்கோ இருக்கிற தன்னார்வலர் எடுப்பார். மருந்து அட்டையின் காலாவதித் தேதியைப் படிப்பார், கையில் இருப்பது நீலச் சட்டையா கறுப்பா என்று சொல்வார். நானும் பயன்படுத்துகிறேன். அதில் உதவி கேட்கிறவர்களைவிடப் பதிவு செய்து காத்திருக்கிற தன்னார்வலர்கள் பல மடங்கு அதிகம். எனக்கு அடிக்கிற மணியை யாராவது உடனே எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் பாவம், மணி அடிப்பதே அபூர்வம்.

ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெசா லேக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் போகிறது. முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை பேரைக் கேட்டால் தேவையான எண்ணிக்கை கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். கேட்டவர்கள் போட்ட கணக்கு, உண்மையில் தேவைப்பட்டதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனிதர்கள் மறுத்துவிடுவார்கள் என்று நாம்தான் அதிகமாகப் பயப்படுகிறோம். வேறு யாருக்காகவாவது உதவி கேட்க வேண்டி வந்தாலும் இது நினைவிருக்கட்டும். நண்பருக்காக நான் பள்ளிக்கூட வண்டிக்கும் விடுப்புக்கும் பேசியபோது மறுத்தவர்கள் மிகக் குறைவு.

அப்படியென்றால் ஏன் தெருவில் விழுந்து கிடக்கிறவரைத் தாண்டிப் போகிறோம்? எனக்குப் பிடித்த பதில் 1973இல் வெளியான ஒரு சோதனையில் இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கிற 40 மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஓர் உரை நிகழ்த்தச் சொன்னார்கள் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும். பாதிப் பேருக்குத் தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார், அவரும் ஏற்பாடு செய்யப்பட்டவர்தான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் என்பதால் குறிப்பிடும்படி எந்த வித்தியாசமும் வரவில்லை. இதைப் படித்த பிறகு, மனசை விசாலமாக்குகிற உபதேசங்களில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. எங்கே போனாலும் பத்து நிமிஷம் முன்னாடி கிளம்புகிறேன். எனக்கு எப்படியும் நேரம் கூடுதலாகத்தான் வேண்டும், அந்த மிச்சத்தில் யாருக்காவது ஒரு படிவம் விளங்காவிட்டால் நின்று சொல்ல முடிகிறது.

கூட்டத்தில் யாராவது மயங்கி விழுந்தால் "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தாதீர்கள். அந்த 'யாராவது' யாருமே இல்லை. ஒரே ஆளைச் சுட்டிக் காட்டி, "நீலச் சட்டை, நீங்க போன் பண்ணுங்க" என்று சொல்லுங்கள். நான் என்றால் என் வலது பக்கம் பேசிக்கொண்டிருந்த குரலிடம் சொல்வேன்.

வாட்ஸாப் குழுவில் அறிவிப்புகளைப் படமாகப் போடுகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். செல்போன் திரையில் இருப்பதை எனக்கு வாசித்துக் காட்டுகிற ஸ்கிரீன் ரீடர் அதைத் தொட்டதும் "படம்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். கூட்டம் எப்போது, எங்கே என்று கீழே ஒரு வரி தட்டச்சு செய்துவிடுங்கள். எனக்கு மட்டுமல்ல, எழுத்துப் பொடியாக இருக்கிறது என்று மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது உதவும்.

அப்புறம், ரத்தம். இது நான் கொடுக்கிற உதவி, வாங்குகிறது இல்லை. ஏதாவது பெரிய விபத்து நடந்த மறுநாள் எல்லாரும் திரண்டு போய்க் கொடுப்பதைவிட, ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண வாரத்தில் போவது நல்லது. சிவப்பணுக்களை 42 நாள் வரை வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் ஐந்து நாள், மிஞ்சிப்போனால் ஏழு. ஒரே நாளில் குவிந்தால் பலது வீணாகிவிடலாம், அடுத்த மாதம் வருகிற நோயாளிக்கு இருக்காது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். சிறுவயதில் ஒரு பெரிய அறுவை சிகிச்சையில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தவர். 1954இல் கொடுக்கத் தொடங்கி 2018 வரை 1173 முறை ரத்தமும் பிளாஸ்மாவும் கொடுத்தார். அவருடைய பிளாஸ்மாவில் இருந்த அபூர்வமான எதிர்ப்பொருளிலிருந்து, தாயின் ரத்த வகையோடு ஒத்துப்போகாத சிசுக்களைக் காக்கிற மருந்து தயாரித்தார்கள். இவ்வளவு செய்தவருக்கு ஊசி என்றால் பயம். குத்தும்போது ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லையாம், முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

என்னிடமும் நர்ஸ் அதையேதான் சொல்வார், "சார், பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்று. நீட்டிய கை பக்கவாட்டில் இருக்கிறது, நேராக உட்கார்ந்திருந்தாலே எனக்கு அது தெரியாது. இருந்தாலும் அவர் சொன்னதற்காகத் திரும்பிக்கொள்கிறேன்.