மான்செஸ்டர் குடும்பங்களுக்குக் கிடைத்த பாதிப் பதில்
இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரக் குண்டுவெடிப்பு பற்றிய விசாரணை என் மனத்தை விட்டு அகலவே இல்லை. 2017 மே 22 அன்று 22 பேர் கொல்லப்பட்டார்கள். தாக்கியவனைப் பற்றி பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5 கையில் முன்பே இரண்டு தகவல்கள் இருந்தன.

மரண விசாரணை மன்றத்தில் மூடிய அமர்வு நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. இரகசிய ஆவணங்களை ஆராய்வதற்காகவே அது, மூடிய அமர்வுக்கு இடமுள்ள பொது விசாரணையாக மாற்றப்பட்டது. நீதிபதி ஜான் சாண்டர்ஸ் முன்னிலையில், மூடிய கதவுகளுக்குள் அதிகாரிகள் நேரில் சாட்சியம் அளித்தார்கள். அமைப்பு எழுத்தில் தந்த விளக்கமும் அதிகாரிகள் அன்று நினைத்ததும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது! ஒரு தகவல் தேசியப் பாதுகாப்புக்கு அவசரமானதாக இருக்கலாம் என்று எண்ணிய அதிகாரி, உடனே சக ஊழியர்களிடம் பேசவில்லை. அன்றே அறிக்கையும் எழுதவில்லை. முக்கியமான ஒரு வாய்ப்பு நழுவியது என்றது 2023 மார்ச் அறிக்கை. எம்.ஐ.5 தலைவர் கென் மெக்கலம் வருத்தம் தெரிவித்தார்.

அந்தத் தகவல் என்ன என்பதைக் குடும்பங்களுக்கு அறிக்கை சொல்லவில்லை. தகவல் தருபவர்களின் உயிரைக் காக்கச் சில இரகசியங்கள் வேண்டும், ஏற்கிறேன். ஆனால் விசாரணை நீதிபதிக்குச் சுருக்க விளக்கம் போதவே போதாது. மூல ஆவணமும் அதைக் கையாண்டவரும் அவர் முன் வந்தே ஆக வேண்டும்.