சந்தேகம் சொன்னவள் பெயரை எழுதினேன்

தப்பு செய்துவிட்டேன் என்று வந்து சொல்பவர்களை எப்படி நடத்துவது என்று இத்தனை வருஷத்தில் ஓரளவு பழகிவிட்டது. தப்பு செய்திருப்பேனோ என்று வந்து சொல்பவர்களை என்ன செய்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

டி.பார்ம் முடித்து, வெளியே டிஸ்பென்சிங் கவுன்டரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு எங்கள் ஆஸ்பத்திரி ஃபார்மசியில் ஊசி மருந்துகளைக் கிருமி படாமல் கலக்கும் மிக்ஸிங் ரூமுக்கு வந்த பெண் அவள். கவுன்டரிலேயே அவளைக் கவனித்திருந்தேன். சீட்டில் எழுத்து புரியவில்லை என்றால் ஊகிக்கமாட்டாள், வார்டுக்கு போன் போட்டுவிடுவாள். அதனால்தான் நானே அவளைக் கேட்டு வாங்கினேன். மீடியா ஃபில் டெஸ்டிலும் தேறியிருந்தாள். மருந்துக்குப் பதிலாக, கிருமி வளரக்கூடிய திரவத்தை வைத்து எல்லாப் படிகளையும் செய்யச் சொல்லி, அதை 14 நாள் இன்குபேட்டரில் வைத்துக் கலங்குகிறதா என்று பார்க்கும் சோதனை அது. அவளுடையது தெளிவாகவே இருந்தது.

அன்றைக்குக் கலக்க வேண்டியது டிராஸ்டுசுமாப். மார்பகப் புற்றுநோய் நோயாளி, 55 கிலோ எடை, முதல் டோஸ். கிலோவுக்கு 8 மில்லிகிராம் என்றால் சரியாக 440, அதாவது ஒரு முழு வயல் (மருந்துக் குப்பி). இந்த மருந்தைக் குலுக்கக்கூடாது, நுரைத்துவிடும். கூட வரும் நீரை வயலின் சுவரோரமாக மெதுவாக விட்டு, லேசாகச் சுழற்றி, ஐந்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். அப்புறம் 250 மில்லி சலைன் பையில் சேர்க்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸ் ஆகாது. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். பையை வெளியே அனுப்பும் சுவர்ப்பெட்டியான பாஸ் பாக்ஸில் வைத்தவள் மூடியைச் சாத்தாமல் நின்றாள்.

"மேடம், பிளஞ்சர் தண்டுல விரல் பட்டிருக்குமோன்னு இருக்கு."

"எப்ப?"

"வயலுக்குள்ள விட காத்து இழுக்கும்போது."

"அதுக்கப்புறம் உள்ள தள்ளி, மருந்து இழுத்தியா?"

"ஆமா மேடம். பட்டுச்சான்னு உறுதியாச் சொல்ல முடியல."

"சரி, டிஸ்கார்ட் பண்ணிடு."

அவ்வளவுதான் பேச்சு. இந்த வேலை தெரியாதவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றும். சிரிஞ்சில் இழுக்கவும் தள்ளவும் இருக்கும் தண்டுதான் பிளஞ்சர், அதன் கடைசியில் இருக்கும் தட்டையான பகுதியை மட்டும்தான் பிடிக்க வேண்டும். தண்டைத் தொட்டுவிட்டு உள்ளே தள்ளினால், கையுறையில் இருந்தது சிரிஞ்சின் உள்சுவரில் ஒட்டும், அடுத்து இழுக்கும் மருந்து அந்தச் சுவரை நனைத்துக்கொண்டுதான் ஏறும். மருந்து கலக்கும் கேபினெட்டின் ஹெப்பா ஃபில்டர் காற்றைச் சுத்தம் செய்யும், ஸ்பிரிட் வயலின் ரப்பர் மூடியைச் சுத்தம் செய்யும், விரல் பட்ட தண்டை எதுவும் சுத்தம் செய்யாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்தான். பையைப் பார்த்தும் ஒன்றும் சொல்ல முடியாது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கவும் முடியாது.

வார்டு டாக்டருக்கு இதில் உடன்பாடில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். கலக்கிய நீரிலேயே பிரிசர்வேட்டிவ் இருக்கிறது, பையை உடனே ஏற்றப்போகிறோம், 90 நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குள் கிருமி என்ன பெருகிவிடப்போகிறது என்றார். பெருக நேரமில்லைதான். ஆனால் அந்த அம்மாவுக்குக் கூடவே கீமோவும் போகிறது, வெள்ளையணுக்கள் இறங்கும் உடம்பு. அவர் சொன்ன கணக்கு எனக்கும் தெரியும், தெரிந்தேதான் கொட்டச் சொன்னேன். அதே சமயம் ஒரு முழு வயலின் விலை எந்தக் குடும்பத்துக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். மருத்துவமனை அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது, பில்லில் வரவில்லை. ஆனால் அடுத்த வயல் ஸ்டாக்கில் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்த அம்மாவின் கணவர் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று செக்யூரிட்டியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கொட்டச் சொன்னதில் எனக்குக் குழப்பம் இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததில்தான்.

இன்சிடென்ட் ஃபாரத்தில் 'தயாரித்தவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அவள் பெயரை எழுதினேன். எழுதத்தான் வேண்டும். யார் கலக்கியது, எந்த பேட்ச், எத்தனை மணிக்கு என்று தெரியாவிட்டால் அந்தக் காகிதத்துக்கு அர்த்தமே இல்லை. காரணம் என்ற இடத்தில் "தயாரித்தவரே சந்தேகத்தைத் தெரிவித்தார்" என்று தெளிவாகவும் எழுதினேன். ஆனால் அந்த வரியை யாரும் வாசித்த மாதிரி தெரியவில்லை. வாசித்தது பெயரையும் தொகையையும்தான். மருந்து வாங்கும் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து இரண்டு தடவை அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், திட்டவில்லை, விசாரிக்கத்தான் செய்தார்கள். கவுன்டரில் கூட இருந்தவர்கள் "எவ்வளவுடி அந்த மருந்து?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளிடம் நீ செய்ததுதான் சரி என்று நான் சொன்னேன், எல்லார் முன்னாலும் சொன்னேன். அதைவிட ஃபாரம் சத்தமாகப் பேசிவிட்டது.

அதன்பின் அவளிடமிருந்து ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன்: "ஏம்மா, இப்பல்லாம் டவுட்டே வர்றதில்லையா?"

"கை பழகிடுச்சு மேடம்."

அது உண்மையாக இருக்கலாம். அவள் கை நிஜமாகவே நன்றாகத் திருந்தியிருக்கிறது, காற்று வரும் பாதையை மறைக்காமல் வயலைப் பிடிக்கும் நேர்த்தியைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். மறுபடி வைத்த மீடியா ஃபில்லும் தெளிவு. ஆனாலும் பழகிய கைக்கும் எப்போதாவது ஒரு தடுமாற்றம் வரும், எனக்கே வரும். அது அவளுக்கு மட்டும் வருவதே இல்லை என்பதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்க ஆதாரமும் இல்லை. பேசாமல் இருக்கிறாள் என்று நினைப்பது அவளுக்குச் செய்யும் அநியாயமாகவும் படுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் அமெரிக்காவின் ஒஹாயோவில் 2006-ல் நடந்ததைச் சொல்லுவேன். 0.9 சதவீத சலைனில் கலக்க வேண்டிய கீமோ, டெக்னீஷியன் கையில் 23.4 சதவீத உப்புக் கரைசலில் கலந்துபோனது, 26 மடங்கு. சரிபார்த்த ஃபார்மசிஸ்டும் அதைக் கவனிக்காமல் விட்டார். இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. ஃபார்மசிஸ்ட் உரிமத்தை இழந்து, 2009-ல் ஆறு மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார். எதையும் என்னிடம் மறைக்காதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்லி வந்தேன். இப்போது சொல்லும்போது, கேட்பவர்களுக்கு எது மனதில் நிற்கும் என்று யோசனை வருகிறது. ஒரு தப்புக்கு ஜெயில் என்பதுதான் நிற்கும் என்றால், நான் அவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறேனா மூடச் சொல்கிறேனா?

போன பேட்ச்சில் ஒரு பையன் நேராகவே கேட்டான்: "டவுட்டுன்னு சொன்னா எங்க பேரை எழுதுவீங்களா மேடம்?" எழுதுவேன் என்றுதான் சொன்னேன், வேறு என்ன சொல்ல? அவன் தலையாட்டினான். இதுவரை இரண்டு பையைச் சந்தேகம் என்று சொல்லித் திருப்பியிருக்கிறான். அதே பேட்ச்சில் இன்னொருவன் ஒன்றுகூடத் திருப்பியதில்லை. இவர்களில் யார் கவனமானவன் என்று என்னைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

குவாலிட்டி கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். தானாக முன்வந்து சொன்ன சந்தேகத்துக்குத் தனி ஃபாரம் வேண்டும், அதில் தொகைக் கட்டம் கூடாது, பர்ச்சேஸுக்கு அதன் நகல் போகக்கூடாது என்று கேட்டிருக்கிறேன். பெயர்க் கட்டத்தை எடுத்துவிடலாம் என்றும் முதலில் எழுதியிருந்தேன். அனுப்புவதற்கு முன் அந்த ஒரு வரியை அடித்துவிட்டேன். யார் கலக்கியது என்று தெரியாத ஒரு பையில் கையெழுத்துப் போட என் மனசு இன்னும் ஒப்பவில்லை.