வடாமும் மழைக்காரரும்

அம்மா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. "சாப்ட்டியா"வோடு நிற்கிறது.

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு ஒரே கவலைதான்: இவ்வளவு வெயிலும் வீணாகப் போகிறதே! சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கொல்லையில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, வடாம் பிழிந்துவிட்டாள். காக்காய்க்குப் பயம் காட்ட என் கறுப்புக் குடை வேறு.

அப்புறம்தான் ஐலரோன் என்ற இடத்துக்குச் சிலை பார்க்கக் கிளம்பினோம். வடக்கே 135 கிலோமீட்டர். 130-ல் போகலாம் என்று பலகையே சொல்லும் சாலையில், அம்மா பக்கத்தில் இருந்ததால் 90. டிரெய்லர்களைக் கோத்து இழுத்துப் போகும் ஐம்பது மீட்டர் நீள லாரி, அதாவது ரோடு டிரெயின், ஒவ்வொன்றும் எங்களைத் தாண்டி முடிப்பதற்குள் முருகனை மூன்று முறை கூப்பிட்டாள்.

பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் ரோடுஹவுஸுக்குப் பின்னால் குன்றின்மேல் ஈட்டியோடு சிலையாக நிற்கிறார் அன்மட்ஜியர் மனிதர்; அன்மட்ஜியர் என்பது அந்தப் பக்கத்துப் பழங்குடி. 17 மீட்டர். "நம்ம எல்லை அய்யனாரே இவ்வளவு உசரம் கிடையாதுடா" என்று அம்மா வாய் பிளந்தாள். வாயில் ஈ போவது தெரியாமல் பார்ப்பது என்பார்களே, இந்த ஊரில் அது நிஜமாகவே போய்விடும். போனது. இருமி முடிக்கக் கால் பாட்டில் தண்ணீர்.

2005-ல் அவரைத் தனியாகத்தான் நிறுத்தினார்கள். மனைவியும் குழந்தையும் கீழே வந்து சேர்ந்தது 2008-ல். "மூணு வருஷமா தனியாவா நின்னாரு, பாவம்." கூட இருந்த பிராணியை நான் பல்லி என்றேன். "உடும்புடா! இதுகூடத் தெரியல" என்று திட்டு விழுந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சார்லி குவார்ட்பாட் என்று மழையை வரவழைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், அவரை வைத்துத்தான் இந்தச் சிலை என்றேன். அவ்வளவுதான், செருப்பைக் கழற்றிவிட்டாள். அந்தச் செம்மண் சூட்டில் வெறுங்காலோடு கைகூப்பி, வந்தவாசிப் பக்கம் ஏரியெல்லாம் வறண்டு கிடக்கிறது என்று விலாசத்தோடு மனு போட்டாள்.

திரும்பும்போது ஆலிஸ் பக்கம் வானம் கறுத்திருந்தது. ஆறு வாரமாக ஒரு சொட்டு விழாத ஊர். கொல்லையில் செங்கல் நாலும் வைத்த இடத்தில் இருந்தன. வேட்டி முழுக்கக் கூழ். குடையைப் பக்கத்து வீட்டு வேலியில் கண்டெடுத்தேன்.

சித்திக்கு போன் போட்டாள். ஊரில் மழையா? தூறல்கூட இல்லையாம்.

"நான் தமிழ்ல கேட்டேன். மழைங்கறது அவருக்குப் புரிஞ்சிருக்கு, ஊர் பேரு புரியல. பக்கத்துல நீ எதுக்கு நின்ன? எடுத்துச் சொல்ல வேணாம்?"

பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேனாம், அன்மட்ஜியர் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளத் துப்பில்லையாம்.