அந்த கிக் டிரம்

ஹெட்ஃபோனில் நைன் இன்ச் நெய்ல்ஸ் ராக் இசைக்குழுவோட ‘க்ளோசர்’ பாட்டு ஓடுது. முதல் அடியிலேயே ஆள் காலி.

அந்த கிக் (பெரிய டிரம்மின் கனமான அடி), ராக் பாடகர் இக்கி பாப்பின் 1977 பாட்டு ஒன்றில் வரும் டிரம் மெஷின் சத்தம். குழுவை நடத்துற ட்ரென்ட் ரெஸ்னர் அதை வெட்டியெடுத்து உருமாற்றி வெச்சிருக்கார்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீங்க. அடித்தளத்து பேஸ் (தாழ்ந்த ஒலி) காணாமப் போயி, மேலே இருக்கிற இரைச்சல் மட்டும் மிஞ்சும். ‘வெறும் சத்தம்’னு பலர் ஒதுக்குறது இதனாலதான்.

குழுவோட 1989 முதல் ஆல்பத்தில் சிந்த்-பாப் (சிந்தசைசர் வெச்ச பாப் இசை) வாடை. 1992 ‘ப்ரோக்கன்’ முழுக்க கிட்டார் வெறி. 2008 ‘கோஸ்ட்ஸ்’ல 36 டிராக், பாடல் வரியே கிடையாது! இசைக் கூட்டாளி அட்டிகஸ் ராஸோடு ரெஸ்னர் பண்ணும் சினிமா இசைக்கு விதை அங்கேயே தெரியுது.

புதுசா கேட்கிறவங்க 1999 ‘தி ஃப்ரஜைல்’ல ஆரம்பிக்க வேணாம். டபுள் ஆல்பம், பொறுமை வேணும். 1994 ‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’தான் சரியான வாசல்.