மார்கழியில் மக்கர் பண்ணிய டீசல் வண்டி

எங்களுக்கு வாடிப்பட்டிப் பக்கம். விடிகாலை மூன்றரைக்கெல்லாம் பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்ப வேண்டும். மார்கழி, தையில் பனி விழுந்து மல்லிகை வரத்து சுருங்கிவிடும். கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அந்த நாளாகப் பார்த்துத்தான் என் பழைய லோடு வண்டி படுத்துக்கொள்ளும்.

செல்ஃப் அடித்தால் இழுக்கும், பின்னால் வெள்ளைப் புகை வரும், பிடிக்காது. பேட்டரி இறங்கும்வரை அடித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன்களை எழுப்பித் தள்ளச் சொல்வேன். நாலு நாள் தள்ளினார்கள், அப்புறம் கூப்பிட்டால் தூங்குவது போலப் படுத்திருந்தார்கள். அதன்பிறகு கண்மாய்க் கரைச் சரிவில் நிறுத்தி, உருட்டி, கியர் போட்டுக் கிளப்பினேன்.

முதலில் பார்த்த பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். செல்ஃப் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான். “குளிருக்கு டீசல் வண்டி அப்படித்தாண்ணே இருக்கும்” என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு டிரைவர், ஏர் ஃபில்டர் பக்கத்தில் துணியைக் கொளுத்திக் காட்டச் சொன்னார். ஒருமுறை செய்தேன். பிளாஸ்டிக் டப்பா ஓரம் உருகியதைப் பார்த்ததும் அந்த ஆசை போய்விட்டது.

கடைசியில் சோழவந்தானில் ஒரு பெரியவரிடம் போனேன். “தம்பி, லடாக்குலயே வண்டி ஓடுது. மதுரைக் குளிரு மேல பழியப் போடாதீங்க” என்றார். உண்மைதான். லடாக்கில் மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் தன்மை போகாத டீசலை 2019-ல் இந்தியன் ஆயில் இறக்கியது. நம் ஊரில் டீசல் உறைகிற பேச்சுக்கே இடமில்லை.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி நசுக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றும். இரவெல்லாம் ஆறிக் கிடந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். அதை ஈடுகட்ட உள்ளே சூடேற்றிக் கொடுப்பதுதான் ஹீட்டர் பிளக். “வெள்ளைப் புகை வருதுல்ல? அப்ப டீசல் உள்ள போகுது, எரியல” என்றார்.

பிளக்குகளை இணைக்கிற தகட்டைக் கழற்றினார். டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வைத்தார். முதலாவதில் விளக்கு எரிந்தது. மற்ற மூன்றிலும் இல்லை, அந்த மூன்றும் செத்துவிட்டன. எனக்குக் கோபமே வந்தது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான சுருள் வடிவ விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்துகொண்டுதானே இருந்தது? அது வெறும் நேரக் கணக்கு, பிளக் செத்தாலும் அது பாட்டுக்கு எரியும் என்றார். ரெண்டு வாரமாக அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கழற்றுவதுதான் பெரிய வேலை. வலுக்கட்டாயமாகத் திருகினால் பிளக் உடைந்து, முனை எஞ்சினின் ஹெட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தார். மறுநாள் எஞ்சினைச் சூடாக்கிவிட்டு, கொஞ்சம் திருகி, கொஞ்சம் பின்வாங்கி எடுத்தார். மூன்றாவது பிளக் ‘கீச்’ என்று கத்தியபோது என் வயிறு கலங்கியது. வெளியே வந்ததைப் பார்த்தால் முனை கருகி, வீங்கிப்போய் இருந்தது. நாலையும் புதிதாகப் போட்டோம்.

அடுத்த நாள் காலை பிடித்தது, பத்து நொடியில் அணைந்தும் போனது. டீசல் லைனில் கண்ணாடி போன்ற ஓஸ் துண்டு ஒன்றை இணைத்துப் பார்த்தார். சின்னச் சின்னக் குமிழ்கள். ஃபில்டர் மூடியின் ரப்பர் வாசர் கட்டியாகி, ராத்திரியில் காற்றை இழுத்திருக்கிறது. வாசர் மாற்றி, கைப் பம்பை அடித்து லைனில் இருந்த காற்றை வெளியேற்றியதும் சரியானது.

இப்போது சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, ரொம்பப் பனியாக இருந்தால் இன்னொரு தடவை திருப்பி, அப்புறம்தான் செல்ஃப். பத்து நொடிக்கு மேல் அடிப்பதில்லை. ஆனால் வண்டியை இன்னும் கண்மாய்க் கரைச் சரிவில்தான் நிறுத்துகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.